யாமினி ஊதிய எலி

யாமினியின் மூச்சு இன்னும் களஞ்சிய வாசல் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அருந்தவன் காரை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தான். கைக்குழந்தை அளவில் ஒரு பிளாஸ்டிக் எலி. இத்தனை கிழமை போயும், மெல்பேர்னின் இரவுக் குளிருக்கும் சுருங்காமல், வயிறு புடைத்து மெல்ல ஆடியது.

வாசலை மறித்து நின்ற பெரிய பிளாஸ்டிக் எலிக்குள் மின்விசிறி ஓயாமல் காற்றடித்தது. நிர்வாகத்தைக் கேலி செய்யத் தொழிற்சங்கம் நிறுத்திய எலி அது. அதற்கொரு குட்டி வேண்டுமென்று சின்னதை வாங்கி வந்தவள், அங்கே வேலை செய்த அவன் மனைவி யாமினி. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று வாயால் ஊதி, தானே வேலியில் கட்டினாள்.

"வெல்லுமட்டும் ஒருத்தரும் இதை அவிழ்க்கக் கூடாது" என்றாள்.

அன்று பின்னேரம் குசினியில் சமைக்கையில் விழுந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள்.

செத்தவீடு முடிந்ததும் சொந்தக்கார அன்ரிமார் வந்து, துடக்குக் கழிக்கவென்று வீட்டிலிருந்த துணியெல்லாம் தோய்த்துப் போட்டார்கள். அவளுடைய தலையணை உறையையும் விடவில்லை. அவன் வந்து முகம் புதைத்தபோது சவர்க்கார வாசம்தான் இருந்தது.

மிச்சம் இந்த எலிக்குள் இருந்த காற்று மட்டும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, அதன் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவான்.

"வந்திட்டீரோ தம்பி?"

வரதராஜா மூச்சு வாங்கியபடி வந்தார். யாமினியோடு வேலை செய்தவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். எந்த நாளும் வாசலுக்கு முதல் ஆளாக வருபவர்.

"என்ன வரதண்ணை, எப்ப பாத்தாலும் உங்களுக்கு மூச்சு வாங்குது?"

"எல்லாம் இதாலதான்" என்று வயிற்றைத் தட்டினார். "உந்தப் பெரிய எலிக்குப் பக்கத்தில நிக்காதேங்கோ, ஆள் மாறிப்போடும் எண்டு மனுசி சொல்லுறா."

சிரிக்க வேண்டிய இடம் என்று அருந்தவனுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"வெண்டிட்டம் தம்பி" என்றார் அவர், குரல் இறங்கி. "நேற்று நிர்வாகம் கையெழுத்து வைச்சிட்டுது. இண்டைக்கு எல்லாத்தையும் கழட்டுறம்."

யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். பெரிய எலி தலை குனிந்து, முழங்கால் மடிந்து, தார்த்தரையில் படுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வரதராஜா வேலியில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். அவருடைய பெருவிரல் சின்ன எலியின் வாலடியில் இருந்த மூடிக்குப் போனது.

அருந்தவன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"காத்தைத் திறந்து விடாதேங்கோ."

"மடிச்சுத் தந்தால் கொண்டுபோக லேசெல்லோ?"

"இல்லை. இப்பிடியே தாங்கோ."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். எலியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவன் அதைக் காரின் முன் சீற்றில் இருத்தி, பெல்ட் போட்டான். யாமினி வழக்கமாக இருக்கும் இடம். வீட்டுக்குப் போய், யன்னல் எல்லாம் சாத்திவிட்டு, அந்த மூடியைத் தன் முகத்துக்கு நேரே ஒரு தரம், கொஞ்சமாகத் திறக்க வேண்டும். நித்திரை வராத இரவுகளில் அவன் யோசித்து வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

வரதராஜா கண்ணாடியில் தட்டினார். அருந்தவன் இறக்கினான்.

"தம்பி, ஒரு விசயம். உதில எங்கையோ சின்ன ஓட்டை இருக்கு, ஒரு ராத்திரி தாங்காது. நீர் வந்து பாக்கேக்க சூம்பிக் கிடந்தால் மனம் நோகுமெண்டுதான் சொல்லேல்லை."

அவர் கையை நீட்டி, எலியின் முதுகை ஒரு தரம் தடவினார்.

"நாளைக்கு நீர்தான் ஊதோணும். இவ்வளவு நாளும் நான்தான் ஊதினனான்."