ரிஸ்வியின் வேட்பாளர்

“எறங்குங்க கீழ. வோட்டுக் கேட்டு வந்தீங்களா, மையத்து விழுந்த வீட்டுக்கு வந்தீங்களா?”

பின்வரிசையிலிருந்து வந்த குரலுக்குக் கூட்டமே சிரித்தது. மேடையில் நின்ற அன்ஸார் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அவரை மறைத்தாற்போல முன்னால் போய் நின்றவர் அவருடைய மனைவியின் அண்ணன் ரிஸ்வி ஒருவர்தான்.

“கொஞ்சம் பேச விடுங்க. படிச்ச மனுஷன் சொல்றாரு, கேளுங்க.”

அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் தங்கள் ஊருக்கு வழுவழுவென்று தார் போட்ட காப்பட் ரோட்டு எப்போது வரும்? எதிர்த்து நின்றவர் முந்தின நாள் இதே இடத்தில், பிரதேச சபைக்குள் போன மறுமாதமே போட்டுத் தருவதாகச் சொல்லிக் கைத்தட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அன்ஸாருக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. “மொதல்ல தண்ணி வடியறதுக்குக் கான் வெட்டணும். ஒரு மழைக்காலம் பாக்கணும். அப்புறந்தான் ரோட்டு. அவசரப்பட்டா மண்ணு எறங்கும், கீழ உள்ள வீடெல்லாம் போயிரும்.”

“நீங்க வாயத் தொறந்தாலே மலை விழுதே” என்று முன்வரிசையில் இருந்த நோனா என்பவள் எழுந்தாள். “எம் மகளுக்கு ஒரு அறை கட்டக் கேட்டதுக்கும் இதத்தானே சொன்னீங்க. இப்ப அதே வாயால எங்கிட்ட வோட்டுக் கேக்குறீங்க.”

அதுதான் ஊருக்கு இருந்த கோபம். அன்ஸார் மண்சரிவுப் பொறியியலாளராக இருந்தவரை, சரிவில் யார் கல் வைப்பதானாலும் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. பலருக்கு அவர் போடவில்லை. பள்ளிவாசலில் கண்டால்கூட ஸலாம் சொன்னதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மச்சான் என்றும் பார்க்காமல் ரிஸ்வியின் மனு ஒன்றையும் அவர் திருப்பியனுப்பியதுண்டு. ரிஸ்வி மட்டும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேர்தலில் நில்லுங்கள் என்று முதலில் சொன்னதே அவர்தான்.

“நீங்க எழுதி அனுப்புறத சபையில எவனும் படிக்கிறதில்ல மச்சான். நீங்களே உள்ள போய் உக்காந்தா கேட்டுத்தானே ஆகணும். கட்சியில எடம் நான் எடுத்துத் தர்றேன்.”

அந்த வார்த்தை அன்ஸாருக்குப் பட வேண்டிய இடத்தில் பட்டது. எத்தனை எச்சரிக்கைகளை எழுதி அனுப்பியிருப்பார். ஒன்றையாவது யாராவது காதில் போட்டுக்கொண்டதுண்டா?

ஆனால் அந்தப் பதவியில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. வேலையை விட வேண்டும். மனைவி பஸ்லா தன் அண்ணனிடம் அழுதே விட்டாள்.

“தோத்தா இந்த வேல திரும்பக் கெடைக்குமா நாநா?”

“நான் இருக்கேன்தானே தங்கச்சி” என்றார் ரிஸ்வி. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்த அன்று, பெரிய பாத்திரம் நிறைய இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தவரும் அவரே.

கூட்டம் கலையும்போது எங்கிருந்தோ ஒரு மண்கட்டி பறந்து வந்து அன்ஸாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்து உடைந்தது. ரிஸ்வி தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அவரை வேனில் ஏற்றினார்.

வேன் நகர்ந்த பிறகு அன்ஸார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “மச்சான், நானும் ஒடனே ரோட்டுப் போடுறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன?”

“வேண்டவே வேணாம். நீங்க நீங்களாவே பேசுங்க மச்சான். பொய் ஒங்களுக்குப் பொருந்தாது.”

ஊரே காறித் துப்பினாலும், தன்னைத் தெரிந்த ஒரு மனிதன் பக்கத்தில் இருக்கிறானே என்று அன்ஸார் நினைத்துக்கொண்டார்.

முடிவு வந்தபோது சொந்தக்காரர்களின் வோட்டுகூட முழுதாக விழுந்திருக்கவில்லை. வென்றவரின் ஆட்கள் அன்ஸாரின் வீட்டு வாசலிலேயே பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். சில வாரங்கள் அவர் வெளியே தலைகாட்டவில்லை.

தோற்றதைவிட, தன்னை நம்பி அலைந்த ரிஸ்வியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரை அரித்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு காலையில் புறப்பட்டுப் போனார். ரிஸ்வி வீட்டில் இல்லை. ரிவர்ஸ்டன் ரோட்டில் வேலை நடக்கிறது, அங்கே போயிருக்கிறார் என்றார்கள்.

அங்கே மண் தோண்டும் மஞ்சள் பெக்கோ ஒன்று சரிவின் அடிவாரத்தைக் கடித்துக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ரிஸ்விக்கு ஹோட்டல் கட்ட அனுமதி இல்லை என்று அன்ஸார் மறுத்திருந்த அதே நிலம். வெட்டிய இடத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் கசிந்தது. நேர்கீழே நோனாவின் வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்தன.

“வாங்க மச்சான், வாங்க” என்று ரிஸ்வி வாய் நிறையச் சிரித்தபடி வந்து தோளில் கை போட்டார்.

“இதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?”

“ஒங்க எடத்துக்கு வந்த புது ஐயாதான். தங்கமான மனுஷன். மலைய வந்து பாக்கக்கூட இல்ல.”

அன்ஸாருக்கு மன்னிப்புக் கேட்க வந்தது மறந்துபோய் வேறு ஏதோ வாயில் வந்தது. “நான் தோத்ததுல ஒங்களுக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லயா?”

ரிஸ்வி, நிறுத்தாமல் வெட்டும்படி பெக்கோக்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

“ஜெயிக்கவா மச்சான் ஒங்கள நிக்க வெச்சேன்?”