வீட்டோடு சேர்ந்த சூடு

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் குளிர்கால உறைபனி விழுந்த ஜூலைக் காலை. வீடு சூட்டை எவ்வளவு காக்கிறது என்று காட்டும் எரிசக்திச் சான்றிதழில் எத்தனை நட்சத்திரம் என்று சொல்லாமல் அங்கே வீட்டு விற்பனை விளம்பரம்கூடப் போட முடியாது. அதற்காகக் கிளெனிஸின் குளிர்ந்த வீட்டை டார்கோ வெப்பக் கேமராவால் அளக்கிறான். சுவர், சன்னல், தரை எல்லாம் திரையில் நீலம். ஒரு வெற்று நாற்காலியில் மட்டும், ஆள் உட்கார்ந்த வடிவில் ஆரஞ்சு நிறம். "இதுல இப்பத்தான் உக்காந்தீங்களா, கிளெனிஸ்?" "நானா? அது என் புருஷன் பேரியோடது. செத்து ரெண்டு வருஷமாச்சு, எந்திரிக்கவே மாட்டேங்கிறான்." அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "அந்தச் சூட்டையும் சேத்துக்கோயேன். ரெண்டு நட்சத்திர வீட்டை எவன் வாங்குவான்?" "வீட்டோட நிக்கிற சூட்டைத்தான் சேக்க முடியும். அவர் இங்கயே இருப்பாரா?" "பின்ன? அவன விட்டுட்டுத்தான் போறேன். எழுது!" சிரித்தபடி டார்கோ மறுபடி திரையைப் பார்க்கிறான். நாற்காலி நீலமாகிவிட்டது. கிளெனிஸின் இரண்டு தோள்களிலும் பின்னாலிருந்து ஆரஞ்சுக் கைகள் படிகின்றன.