இரண்டு வரிகளுக்கு நடுவே

மிக்ஸியை மறுபடியும் ஓட விட்டான்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் சட்னி அரைத்து யாரும் பார்த்ததில்லை. இன்று அரைக்கிறான். தேங்காய் விழுதாகி, விழுது கூழாகி, ஜாரும் சூடேறிவிட்டது. நிறுத்த மனமில்லை.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அவன் மனைவி மேசை மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒலிப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்று அவள் குரலைக் கேட்டுப் பார்க்க விரும்பியது. இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். பிடித்துவிட்டால் வேலை. வேலை கிடைத்தால் திருச்சியில் சிநேகிதியோடு போய் இருந்துகொள்வாள். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டபடியே முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

போய்விடுவாளாமே. அதையும் பார்த்துவிடலாம்.

எந்தச் சத்தம் பதிவைக் கெடுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரம் பேசிக்கொண்டிருந்த புதிதில், அவள் மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவனே ஓடிப்போய் ஃப்ரிட்ஜை நிறுத்துவான். ஃபேனை நிறுத்துவான். ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து, பால் திரிந்து, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் இன்னும் எரிந்தது.

மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தண்ணீர் மோட்டாரைப் போட்டான். பாத்திரம் தேய்க்கிறேன் பேர்வழி என்று தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டான்.

வழக்கமாக இந்நேரம் கதவைத் திறந்துகொண்டு சண்டைக்கு வந்திருப்பாள். கத்துவாள். கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும். கட்டின தொண்டையை எந்தக் கம்பெனி எடுக்கும்? அதற்காகத்தான் காத்திருந்தான்.

வரவில்லை.

கதவைத் துளி திறந்து பார்த்தான். துணி காயப்போடும் ஸ்டாண்டைச் சுற்றிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் அடைந்து கிடந்தாள். ஃபேன் ஓடவில்லை. கழுத்தில் வியர்வை வழிந்தது. மைக்கின் முதுகைச் சமையலறைப் பக்கம் திருப்பி, அதன் முகத்தை உதட்டருகே இழுத்து வைத்திருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. யாரோ மனதுக்கு வேண்டியவர் காதோடு சொல்வதுபோல் வாசித்தாள்.

அவனிடம் அந்தக் குரலில் பேசி எவ்வளவு காலமாயிற்று.

பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே!"

மாடிப்படியில் படுத்திருந்த பூனை அரண்டு ஓடியது. அவள் உதடு நின்றது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

சாயங்காலம் அவளே கதவைத் திறந்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். எல்லாம் குட்டிச்சுவராகியிருக்கும், சந்தேகமே இல்லை. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்தான். அவள் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். ஹெட்போனை நீட்டினாள்.

மாட்டிக்கொண்டான்.

அவள் குரல். அவள் குரல் மட்டும்.

மிக்ஸி இல்லை. மோட்டார் இல்லை. அத்தனை தட்டுகளில் ஒன்றுகூட இல்லை. வேறு யாருமே குடியிருக்காத வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்து வாசித்ததுபோல் இருந்தது.

ஒரு காதை விலக்கினான். "நான் கத்தினது?"

"ரெண்டு வரிக்கு நடுவுல விழுந்துச்சு. வெட்டிட்டேன். மிச்ச இரைச்சலைக் கம்ப்யூட்டரே துடைச்சிருச்சு. அனுப்பியும் ஆச்சு."

நம்பவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்திய கத்தல். எங்கே போய்விடும்? முதலிலிருந்து ஓட விட்டான். ஒலியைக் கூட்டினான். அவள் குனிந்து மைக்கின் வயரைப் பிடுங்கிச் சுற்றுவது கடைக்கண்ணில் தெரிந்தது. ஒதுங்க வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரு இருமல் போதும். ஒரு தட்டு போதும். தன்னுடையது என்று ஏதாவது ஒன்று.

கதை முடிந்தது.

திரும்பவும் முதலிலிருந்து.

ஹெட்போனைக் கழற்றியபோது அறை இருட்டியிருந்தது. போர்வைகள் மடித்துக் கட்டிலில் கிடந்தன. மேசையில் மைக் இல்லை. வாசல் கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது, அவனுக்குத் தெரியவில்லை.

"சசிரேகா" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான்.