வெல்வெட் துணிக்குள் ஒரு குப்பி

போலந்தின் கத்தோவிட்சே நகரத்து இசைத்தட்டுக் கடையில், பனி கலந்த மதிய வெளிச்சம் ஒரு கறுப்பு மரப்பெட்டியின் மேல் விழுகிறது. செத்துப்போன பாடகன் ராதோமிரின் நினைவாக அவனுடைய டெத் மெட்டல் இசைக்குழு வெளியிட்டிருக்கும் தொகுப்பு. "ஏழு தட்டு, ஒரு கொடி. அட்டைப்படம்தான் பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கு," என்று அதைத் திறந்து பார்த்துச் சிரிக்கிறான் ரசிகன் ஜியெமோவித். "வாயைக் கழுவுடா, என்னமா வரைஞ்சிருக்காங்க!" என்கிறாள் அவன் தோழி கிங்கா. பெட்டியின் அடியில் வெல்வெட் துணி. அதற்குள் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. அதிலிருக்கும் சாம்பல்நிறத் தூளை ஜியெமோவித் குலுக்கிப் பார்க்கிறான். கூடவே இருக்கும் சீட்டை வாசித்த கிங்கா அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். "குலுக்காதடா. ராதோமிரோட அஸ்தி அது." ஒலிபெருக்கியில் ராதோமிர் உறுமிக்கொண்டிருக்கிறான். "ரசிகர்களுக்கு இதைவிட மரியாதை வேணுமா?" என்கிறான் ஜியெமோவித். "மரியாதையா? மனுஷனைப் பொட்டலம் கட்டி விக்கிறாங்கடா!" கல்லாவிலிருந்து கடைக்காரி ஹால்ஷ்கா எழுந்து வருகிறாள். ராதோமிரின் தங்கை. குப்பியை இரண்டு கைகளாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். "அஸ்தியை முழுசாப் புதைச்சாச்சுன்னுதானே அண்ணி சொன்னாங்க..." அவள் மெதுவாகத் திரும்புகிறாள். சுவரோரம் கூரைவரை அதே பெட்டிகள், பிரிக்காமல். "காலையில நான்தான் ஒண்ணொண்ணாத் தூக்கி அடுக்கினேன்," என்கிறாள்.