ஒட்டிய தட்டு

ரிம்மாவின் சமையலறை ஜன்னலில் வோல்கா ஆற்றின் பனி வெளிச்சம். மேசையில் ஒரு பீங்கான் தட்டு மெல்ல ஒன்றுசேர்ந்துகொண்டிருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கிய அன்று, ருஷ்ய சினிமாக்காரர்களின் வழக்கப்படி, குழுவில் எல்லார் பெயரும் எழுதி, கேமராத் தாங்கியில் அடித்து உடைத்த தட்டு அது. ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள்; படம் முடிந்ததும் ஒட்டவேண்டும். முடிவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. இயக்குநர் அர்செனி சீரியலில் போலீஸ்காரனாக நடிக்கப் போய்விடுவான், லீவு கிடைத்தால் வந்து படம் எடுப்பான். முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் நடுவே நரைத்துப்போன நாயகி ரிம்மா, தன் துண்டைச் சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்து ஒட்டுகிறாள். பசை மணக்கிறது, கெட்டில் சீறுகிறது. நடுவில் மட்டும் ஒரு ஓட்டை, அதில் மேசைவிரிப்பின் நீலப்பூ தெரிகிறது. "இன்ஸ்பெக்டர் ஐயா, ஊர்ல இருக்கிற திருடனையெல்லாம் பிடிக்கிறீங்க, உங்க துண்டு எங்க?" என்று கேமராக்காரன் சவேலி சிரிக்கிறான். அர்செனி கோட்டுப் பைகளைத் துழாவுகிறான். கையில் வருவது சீரியலில் குத்திக்கொள்ளும் தகர பேட்ஜ். "வீட்ல எங்கயாவது இருக்கும்," என்கிறான். ரிம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தேட வேணாம் அர்செனி. டீ ஆறுது, குடி." அவன் விரல் ஓட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. மற்ற துண்டுகளைச் சேர்த்த பசை இதற்குள் இறுகிவிட்டது.