ஒரு ஜோடி ஏஞ்சல்

"ஏம்ப்பா, இது மீன் தொட்டியா, திருவிழாவுக்குப் போற பஸ்ஸா?"

கடைக்குள் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டார் பெருமாள்சாமி அண்ணாச்சி.

கோவில்பட்டியில் வண்ண மீன் கடை என்று ஒன்று வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடைக்கார விஜயராஜ் கையில் வலையோடு திருதிருவென்று முழித்தான்.

"சரக்கு நேத்துதான் சென்னையில இருந்து வந்துச்சு அண்ணாச்சி. இன்னும் பிரிச்சுப் போடலை..."

"சரக்கா? உயிரைப் போயி சரக்குங்கியே! அங்கன பாரு, மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. மூச்சு முட்டுதுப்பா அதுகளுக்கு!"

பக்கத்தில் நின்ற ஸ்டுடியோ இசக்கிதுரைக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

ஊருக்குள் மீன் பைத்தியம் பிடித்த கோஷ்டி ஒன்று உண்டு. ஒரு மீன் வேண்டுமென்றாலும் மதுரைக்கு பஸ் ஏறுகிற கோஷ்டி. புதுக்கடை திறந்ததும் ஆளாளுக்கு ஒரு ஆசையோடு வந்து நின்றார்கள். இசக்கிதுரைக்குச் சண்டை மீன் வேண்டும், அதுவும் நல்ல சிவப்பில். சுதாராணி டீச்சருக்கு பிளாஸ்டிக் செடி ஆகவே ஆகாது, நிஜச் செடிதான் வேண்டும். இன்னொருத்தர், மீன் செத்தால் மாற்றித் தருவாயா என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி ஒருத்தர்தான் மீனுக்காகப் பேசினார்.

"எனக்குன்னு ஒண்ணும் கேக்கலப்பா. இதுகளை நெருக்கிப் போடாத. நீந்துததுக்கு எடம், மூச்சு விடக் காத்து. வாயில்லா ஜீவன், அதுவா வந்து கேக்கும்? நாமதான பாத்துச் செய்யணும்!"

"மனசுன்னா அண்ணாச்சி மனசுதான்!" என்றார் இசக்கிதுரை.

அந்த மனசு பட்ட பாடு அண்ணாச்சிக்குத்தான் தெரியும். போன மாசம் மதுரையிலிருந்து ஒரு ஜோடி ஏஞ்சல் மீனைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாத்தூர் தாண்டுவதற்குள் இரண்டும் மல்லாந்துவிட்டன. தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலைக்கே முதலாளியான அவர், நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட யோசிக்காமல் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு வாங்குகிற ஜோடியாவது உயிரோடு வீடு போய்ச் சேரணும். அது ஒன்றுதான் அவருக்கு.

விஜயராஜ் பாவம், ஏச்சு வாங்கியும் முகம் சுளிக்கவில்லை. அண்ணாச்சி கண்ணெதிரிலேயே பாதி மீனை அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றினான். அதற்குப் பிறகுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஏஞ்சலைப் பிடித்துப் பையில் போடப் போனான்.

"ரெண்டையும் ஒரே பையிலயா?"

"ஒரு பையில நாலுகூடத் தாங்கும் அண்ணாச்சி."

"தாங்கும்ப்பா, தாங்கும். அதுக்காக அடைச்சிருவியா? தனித்தனிப் பையில போடு. ஒண்ணை ஒண்ணு இடிக்கப்படாது."

மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயைப் பைக்குள் விட்டுத் திருகினான் விஜயராஜ். பை உப்பியது.

"இன்னும் கொஞ்சம் பிடி. காத்துல போயி கஞ்சத்தனம் பண்ணாத!"

இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி நீட்டியதும், பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆட்டோ கூப்பிடட்டுமா அண்ணாச்சி?"

"ஆட்டோவா? நம்ம ரோட்டுல அது குலுக்குத குலுக்குக்கு மனுசனுக்கே குடல் வாய்க்கு வந்துரும்! ஆபீஸ் வேனை வரச் சொல்லிருக்கேன்." புதிதாக வாங்கிய செல்போனைச் சட்டைப் பையில் தட்டிக் காட்டினார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வாசலில் வந்து நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும், வேலைக்கு வந்த பெண்களை நாகலாபுரத்துப் பக்கம் கொண்டுபோய் விடுகிற வேன். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். படியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் சுடலைக்குமார் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, முன்சீட்டுலயும் ஆள் இருக்காவ. ரெண்டு நடையா அடிப்போம்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

"அதுக்கு இப்ப என்னலே? முன்சீட்டுல இருக்கவளுகளைப் பின்னால ஏத்து. பை நசுங்கிறப்படாது."

"பின்னால நிக்கவே எடமில்லையே மொதலாளி!"

"நெருக்கி நிக்கச் சொல்லுலே. ஊரு போயிச் சேருத வரைக்கும்தான? செத்தா போயிருவாளுக?"

இசக்கிதுரை செருப்பை மாட்டுவது மாதிரி குனிந்துகொண்டார்.

முன்சீட்டுப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கினார்கள். ஒருத்தி எப்படியோ படியில் தொற்றிக்கொண்டாள். அடுத்தவள் செல்வமாரி. ஏற இடம் தேடிப் பார்த்தாள், இல்லை. திரும்பி அண்ணாச்சியின் கையைப் பார்த்தாள். பைக்கு ஒன்றாக ஏஞ்சல் இரண்டும் ஜம்மென்று வாலை வீசித் திரும்பிக்கொண்டிருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதலாளி, ஏறுததுக்கு முன்னால அந்தக் கடையில ஒரு வார்த்தை கேளுங்க. மீனுக்குப் பிடிச்ச காத்துல மிச்சம் இருந்தா, எங்க வேனுக்குள்ளயும் கொஞ்சம் பிடிச்சு விடச் சொல்லுங்க!"