கைக்கலவை வேண்டாம்

“ரெடிமிக்ஸ் லாரிதாண்ணே வரணும். பில்லர் குழிக்குக் கைக்கலவை வேண்டாம்.”

செல்லக்கிளி இப்படிச் சொன்னதும் மலையாண்டி கொத்தனாருக்குச் சுருக்கென்றது. குழி தோண்டி, கம்பி கட்டி, ஜல்லியும் மணலும் இறக்கி, எட்டு ஆட்களோடு ஆனையூருக்கு வந்து நிற்கிறார். இப்போது போய் வீட்டுக்கார அம்மா இப்படிச் சொன்னால்?

“ஏன்க்கா, என் கலவைக்கு என்ன குறைச்சல்? இந்த ஏரியாவுல நான் கட்டுன வீடு எம்புட்டு நிக்கிது, போய்ப் பாருங்க!”

“காலையில கலவை நல்லாத்தான் இருக்கும். மூணு மணிக்கு மேல கை வலிக்கும், மம்பட்டி ஓடாது. ஒரு வாளித் தண்ணி கூடுதலா விழுகும். வேலை லேசாயிரும், கான்கிரீட்டோட பலமும் போயிரும்.”

மலையாண்டி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பேங்க் வேலை பார்க்கிற பையனின் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? லாரி கம்பெனிக்காரன் எவனாவது ஓதிவிட்டிருப்பானோ?

“அப்ப சாயங்காலம் வரைக்கும் இங்கனயே நில்லுங்க. யாரு வேண்டாங்குறா?”

“நிப்பேன். சரியா அந்த நேரம் பாத்து, ‘அக்கா, எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க’ன்னு என்னைக் கடைக்கு அனுப்பிருவாக. நான் திரும்பி வாரதுக்குள்ள வாளி காலியாயிருக்கும்.”

“ஏன், லாரிக்காரன் தண்ணி ஊத்த மாட்டானாக்கும்?”

“அவன் அரை மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிருவான். அம்புட்டு நேரம் கண்ணசராம நிக்க என்னால முடியும்.”

மலையாண்டிக்கு இப்போது விளங்கிவிட்டது. டீக்கு அனுப்புகிற சங்கதி ஆட்களைத் தவிர வெளியாருக்குத் தெரிய வழியே இல்லை. நேற்று சித்தாள் ராக்கம்மாள் இந்த அம்மாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததையும் அவர் கவனிக்காமல் இல்லை.

“ஏ ராக்கம்மா! நீதான போட்டுக் குடுத்த? கூடவே இருந்து எட்டுப் பேரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே! நாளையிலருந்து வேலைக்கு வராத, போ!”

“எம்புள்ள மேல சத்தியமா நான் சொல்லலண்ணே! எம்மக படிப்பைப் பத்தித்தான் அக்கா கேட்டாக!” ராக்கம்மாள் அழுதேவிட்டாள். பாவம், அவள் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

“அப்ப இவுகளுக்கு யாரு சொன்னா? அசரீரி கேட்டுச்சா?”

செல்லக்கிளிக்கு முகம் சுண்டிவிட்டது. கைப்பையைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, ராக்கம்மாளின் அருகில் போய் நின்றாள்.

“அவளைத் திட்டாதீகண்ணே, அவ பாவம். விளாங்குடிப் பக்கம் பதினெட்டு வருசம் சித்தாளு வேலை பாத்து, ஊரான் வீட்டு அஸ்திவாரத்துல எல்லாம் அந்த வாளித் தண்ணியை ஊத்துனவளே நான்தாண்ணே!”